அறுபத்து மூன்றரை டிகிரி

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன், மன்னிக்கணும். 1997ல் திருநெல்வேலியிலிருந்து சென்னை வந்து, அங்கிருந்து தாதர் எக்ஸ்பிரஸ் பிடித்து பம்பாயில் (அப்போது மும்பை ஆகி ரெண்டு வருஷம் ஆகியிருந்தது, ஊரில் யாரும் அப்படிச் சொல்லத் தொடங்கவில்லை) வந்து இறங்கியபோது எனக்குக் கிடைத்த முதல் படுக்கை தாராவியில் பெரியப்பா வீட்டு மாடி. மாடி என்றதும் எதையாவது கற்பனை செய்துகொள்ளாதீர்கள். இரும்பு ஏணியில் ஏறினால் நிமிர்ந்து நிற்க முடியாத ஒரு பலகைத் தளம். தலைக்கு மேல் ஒரு முழத்தில் சிமென்ட் ஷீட். மே மாசம் ராத்திரி ரெண்டு மணிக்குக்கூட அந்த ஷீட்டைத் தொட்டால் வெதுவெதுவென்று இருக்கும். பெரியம்மா சாக்கை நனைத்துக் கூரை மேல் போடச் சொல்லுவார்கள். ஒரு மணி நேரம் நிம்மதி. அப்புறம் சாக்கு காய்ந்துவிடும்.

நான் படித்தது மெக்கானிக்கல். இங்கே வந்து மாட்டிக்கொண்டது ஏ.சி. டிசைன். கட்டிடத்துக்குள் எவ்வளவு வெப்பம் வருகிறது, அதை வெளியேற்ற எத்தனை டன் ஏ.சி. வேண்டும் என்று கணக்குப் போடுகிற வேலை. கூரை, சுவர், கண்ணாடி, ஆள், விளக்கு, கம்ப்யூட்டர், எல்லாவற்றுக்கும் ஒரு எண். இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாக அதே கணக்குதான் போட்டுக்கொண்டிருக்கிறேன். ஆனால் இந்த ஊரில் 'கட்டிடத்துக்கு இவ்வளவு காத்து, இவ்வளவு வெளிச்சம் வேண்டும்' என்று யார், எப்போது, ஏன் விதி எழுதினார்கள் என்று போன வருஷம்வரை யோசித்ததே இல்லை. யோசிக்க வைத்தது தங்கச்சி. சித்தப்பா பொண்ணு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

கதை பிளேக்கிலிருந்து ஆரம்பிக்கிறது.

1896 செப்டம்பர். பம்பாய் துறைமுகத்தை ஒட்டிய மாண்ட்வி பகுதியில் அகாசியோ வியேகாஸ் என்ற கோவாக்கார டாக்டர் ஒரு நோயாளியைப் பார்த்துவிட்டு இது பிளேக் என்று சொன்னார். அடுத்த சில மாதங்களில் லட்சக்கணக்கான பேர் மூட்டை கட்டிக்கொண்டு ஊரைவிட்டு ஓடினார்கள். மில்களில் ஆள் இல்லை. 1897ல் தொற்றுநோய்ச் சட்டம் வந்தது (2020ல் கொரோனாவுக்குத் தூசு தட்டி எடுத்தோமே, அதேதான்). வீடு வீடாகப் புகுந்து சோதனை, சுவருக்குச் சுண்ணாம்பு, கூரை ஓட்டைப் பிரித்து வெயில் விடுவது எல்லாம் நடந்தது. பிளேக்கைப் பரப்புவது எலியின் மேல் இருக்கிற தெள்ளுப்பூச்சி என்பது அப்போது நிர்வாகத்துக்குப் பிடிபடவில்லை. கெட்ட காற்று, ஈரம், இருட்டு என்றுதான் நம்பினார்கள். பிளேக்கைப் பொறுத்தவரை காரணம் தப்பு. ஆனால் அந்தத் தப்பான காரணத்திலிருந்து ஒரு சரியான விதி பிறந்தது.

1898ல் பம்பாய் சிட்டி இம்ப்ரூவ்மெண்ட் டிரஸ்ட் தொடங்கப்பட்டது. நெரிசலான பகுதிகளை இடித்து, கடற்காற்று உள்ளே வர அகலச் சாலை போடுவது (சாண்ட்ஹர்ஸ்ட் ரோடு, பிரின்சஸ் ஸ்ட்ரீட் எல்லாம் அப்படி வந்தவை), ஊருக்கு வடக்கே வயலும் சதுப்புமாகக் கிடந்த நிலத்தை வாங்கி மனை பிரிப்பது, இதெல்லாம் அதன் வேலை. இடித்ததில் வீடிழந்த ஏழைகள் பக்கத்துச் சாளுக்குள்ளேயே போய் இன்னும் நெருக்கியடித்தார்கள் என்பது வேறு கதை. அது இன்றைக்கும் முடிந்தபாடில்லை.

அந்த டிரஸ்டின் தலைவராக இருந்த ஜே.பி.ஆர் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி (ஆர் என்பது இனிஷியல் இல்லை, அதுதான் அவர் பெயர்) 1912ல் பம்பாய் வீடுகளில் வெளிச்சமும் காற்றும் என்பது பற்றி ஒரு சொற்பொழிவு ஆற்றி, அது அச்சிலும் வந்தது. ஜன்னல் இருந்தால் போதாது, ஜன்னலுக்கு எதிரே வானம் இருக்கவேண்டும் என்பதுதான் அவர் வாதத்தின் சாரம். எதிர்க் கட்டிடம் முகத்தில் முட்டுகிற மாதிரி நின்றால், எத்தனை பெரிய ஜன்னல் வைத்தும் பிரயோஜனம் இல்லை. சரி, எவ்வளவு வானம்? அங்கேதான் தலைப்பில் உள்ள எண் வருகிறது. அறுபத்து மூன்றரை டிகிரி.

கணக்கு ரொம்ப லேசு. உங்கள் சுவரின் அடியிலிருந்து எதிர்க் கட்டிடத்தின் உச்சியை நோக்கி ஒரு கோடு இழுங்கள். அந்தக் கோடு தரையோடு செய்கிற கோணம் அறுபத்து மூன்றரை டிகிரியைத் தாண்டக்கூடாது. பத்தாம் வகுப்பு டேன் தீட்டா ஞாபகம் இருக்கிறதா? இந்தக் கோணத்தின் டேன் கிட்டத்தட்ட 2. அதாவது எதிர்க் கட்டிடம் நாற்பது அடி உயரம் என்றால் நடுவில் இருபது அடி காலி இடம் வேண்டும். உயரத்தில் பாதி இடைவெளி, அவ்வளவுதான். இது ஆர் கண்டுபிடித்ததில்லை. லண்டனின் 1894 கட்டிடச் சட்டத்திலேயே வீட்டின் பின்பக்கத்துக்கு இந்தக் கோணம் உண்டு. வெயிலே இல்லாத ஊருக்கு எழுதிய விதியை, வெயில் கொளுத்துகிற ஊருக்கு அப்படியே கொண்டுவந்தது சரியா என்று நீங்கள் கேட்கலாம். எனக்கும் அந்தக் கேள்வி வந்தது. ஆனால் பம்பாயின் பிரச்சினை வெயில் மட்டும் இல்லை, புழுக்கம். வியர்வை காய வேண்டுமானால் காற்று நகரவேண்டும். காற்று நகர வேண்டுமானால் இடைவெளி வேண்டும். லண்டனுக்கு வெளிச்சத்துக்காகப் போட்ட கோணம் இங்கே காற்றுக்காக வேலை செய்தது.

டிரஸ்ட் இதை உபதேசமாக விடவில்லை, மனையைக் குத்தகைக்கு விடும்போது பத்திரத்திலேயே நிபந்தனையாகச் சேர்த்தது. இவ்வளவு தள்ளிக் கட்டு, இத்தனை மாடிக்கு மேல் போகாதே, இந்த மாதிரி வீடு கட்டு. கேட்காவிட்டால் மனை உனக்கில்லை. அப்படி மனை பிரித்து உருவானதுதான் நம் மாட்டுங்கா. தாதர்-மாட்டுங்கா ஐந்தாம் திட்டம், சயான்-மாட்டுங்கா ஆறாம் திட்டம் என்று அரசாங்கக் காகிதத்தில் பெயர்.

திட்டம் போட்டது நூற்றாண்டின் தொடக்கத்தில் என்றாலும் மனைகள் நிறைந்தது 1920, 30களில்தான். டைப் அடிக்கவும் கணக்கு எழுதவும் ரயில்வேயிலும் வங்கியிலும் இன்ஷூரன்ஸிலும் வேலைக்கு வந்த தஞ்சாவூர், பாலக்காடு, திருநெல்வேலி ஆட்கள் இங்கே குடிவந்தார்கள். 1923ல் ஆஸ்திக சமாஜம், 1932ல் சவுத் இண்டியன் எஜுகேஷன் சொசைட்டி என்று ஒவ்வொன்றாக முளைத்தன. மாட்டுங்கா என்றாலே இட்லி, மல்லிப்பூ, பில்டர் காபி என்று எழுதுகிறவர்கள் அந்த வீடுகளைப் பற்றி எழுதுவதில்லை. அன்றைக்கு பம்பாயில் சாதாரணச் சம்பளக்காரனுக்கு வீடு என்றால் சாள். ஒரு அறை, நீள வராண்டா, கடைசியில் பொதுக் கக்கூஸ். அதிலிருந்து, ரெண்டு மூணு அறை, சமையலறை, வீட்டுக்குள்ளேயே குளியலறையும் கழிப்பறையும் உள்ள 'பிளாட்' என்ற புது ஜந்துவுக்கு ஒரு நடுத்தர வர்க்கமே மாறியது இந்த மாட்டுங்கா, தாதர் தெருக்களில்தான். இதைப் பற்றி நிகில் ராவ் என்பவர் 2013ல் அருமையான ஆங்கிலப் புத்தகம் எழுதியிருக்கிறார். மாட்டுங்காவில் தாத்தா பாட்டி இருந்தவர்கள் அவசியம் படியுங்கள். கழிப்பறை வீட்டுக்குள் வரலாமா என்று மடி ஆசாரக் குடும்பங்கள் பட்ட அவஸ்தையெல்லாம் அதில் வருகிறது :-)

நானும் ஒரு வருஷம் மாட்டுங்காவில் இருந்திருக்கிறேன். தாராவியிலிருந்து 1999ல் அங்கே ஜாகை மாற்றினேன். பழைய கட்டிடம், ரெண்டாம் மாடி, ஒரு அறையில் நாலு பிரம்மச்சாரிகள். பெயின்ட் உரிந்து, பால்கனியில் கம்பி வெளியே தெரிந்து, படியேறும்போதே பயமாக இருக்கும். வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தபின் இந்த மாதிரிக் கட்டிடங்களில் வீட்டுக்காரர்கள் கை வைப்பதில்லை. ஆனால் ராத்திரி? பால்கனிக் கதவைத் திறந்துவைத்தால் முன்பக்கத்திலிருந்து பின்பக்கம்வரை காற்று ஓடும். தரையில் பாயைப் போட்டால் பேன் வேண்டாம். தாராவியிலிருந்து ரெண்டு கிலோமீட்டர்கூட இல்லை. அதே ஊர், அதே மே மாசம், அதே ஈரப்பதம். அன்றைக்கு அதை மாட்டுங்கா 'ராசி' என்று நினைத்தேன். அது ராசி இல்லை, பத்திரத்தில் எழுதின ஒரு கோணம் என்று தெரிய இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது. சார்ந்த துறையிலேயே வேலை பார்க்கிறவனுக்கு!

சரி, அந்த ரெண்டு கிலோமீட்டருக்குள் தாராவிக்கு ஏன் அந்தக் கோணம் வரவில்லை? தாராவி ஊரின் விளிம்பு. தோல் பதனிடும் வேலை, குயவர் வேலை என்று நகரத்துக்குத் தேவையான, ஆனால் நகரம் பக்கத்தில் வைத்துக்கொள்ள விரும்பாத வேலைகள் எல்லாம் அங்கே போயின. தோல் வேலைக்கு நம் திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள் வந்தார்கள். யாரும் மனை பிரித்துக் குத்தகை கொடுக்கவில்லை. பத்திரம் இல்லாத இடத்தில் பத்திரத்தில் எழுதின விதி எப்படி வரும்? மாட்டுங்காவுக்கு வந்ததும் தமிழன்தான், தாராவிக்கு வந்ததும் தமிழன்தான். ஒருத்தனுக்கு டைப்ரைட்டிங் பாஸ் சர்டிபிகேட் இருந்தது, இன்னொருத்தனுக்கு இல்லை. ஜாதி இதில் எங்கே வருகிறது என்று நான் சொல்லித்தான் தெரியவேண்டும் என்பதில்லை.

டிரஸ்ட் 1933ல் மாநகராட்சியோடு கலந்துவிட்டது. கோணம் மெதுவாகத் தளர்ந்தது. 1991ன் வளர்ச்சிக் கட்டுப்பாட்டு விதிகளில் வெளிச்சம் காற்றுக்கான இடைவெளி, கட்டிட உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு. பாதி என்பது மூன்றிலொன்றாகிவிட்டது. கோணமாகச் சொன்னால் 71 டிகிரிக்கு மேல். பரவாயில்லை, நிலம் தங்கம் விற்கிற ஊர் என்று அதைக்கூட விடலாம்.

பெரிய உடைப்பு 1995ல். குடிசைவாசிகளுக்கு இலவச வீடு என்ற திட்டம் வந்தது. 225 சதுர அடி. பில்டர் தன் செலவில் ஏழைகளுக்குக் கட்டித்தரவேண்டும், பதிலுக்கு அதிகப்படியாகக் கட்டி மார்க்கெட்டில் விற்றுக்கொள்ளலாம். வீடு இல்லாதவனுக்கு வீடு, அரசாங்கத்துக்குச் செலவில்லை, பில்டருக்கு லாபம். காகிதத்தில் அம்சமாக இருக்கிறது. ஆனால் ஒரே மனையில் ஏழைகள் கட்டிடத்தை எவ்வளவு நெருக்கி ஒதுக்குகிறோமோ அவ்வளவு விற்பனைக் கட்டிடத்துக்கு இடம் மிஞ்சும். அதனால் இந்தத் திட்டத்துக்கு மட்டும் இடைவெளி விதியில் சலுகை கொடுத்தார்கள். கட்டிடத்துக்கும் கட்டிடத்துக்கும் நடுவே மூன்று மீட்டர்வரை இறங்கியது. கீழே ஒன்று, மேலே ஏழு மாடி. சுமார் 22 மீட்டர் உயரம், மூன்று மீட்டர் சந்து. டேன் தீட்டா போட்டுப் பாருங்கள், 82 டிகிரி வரும். ஆரின் விதிப்படி அந்த உயரத்துக்குப் பதினோரு மீட்டர் வேண்டும்.

சித்தப்பா குடும்பம் அந்த மாதிரி ஒரு இடத்துக்குத்தான் போனது. ரயில் தண்டவாளத்தை ஒட்டி அவர்கள் குடிசை. ரயில்வே விரிவாக்கத்துக்காகக் காலி செய்யச் சொல்லி, 2000களின் நடுவில் கிழக்குப் புறநகரில் ஒரு மறுவாழ்வுக் குடியிருப்பில் வீடு கொடுத்தார்கள். எந்தக் குடியிருப்பு என்று சொல்லப்போவதில்லை. இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். சாவி வாங்கின அன்றைக்கு சித்தி அழுதுவிட்டார்கள். கான்கிரீட் சுவர், சொந்தக் கழிப்பறை, குழாயில் தண்ணீர். முதல் மாடி கிடைத்தது அதிர்ஷ்டம் என்று எல்லாரும் சொன்னோம், லிப்ட் வேலை செய்யாதே! ஜன்னலைத் திறந்தேன். கையை நீட்டினால் தொட்டுவிடலாம் போல எதிர்வீட்டு ஜன்னல். கீழே சந்தில் குப்பையும் சாக்கடைத் தண்ணீரும். மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு ட்யூப்லைட் எரிந்துகொண்டிருந்தது. மேலிருந்து குப்பை வந்து விழுகிறது, கொசு, எலி, நாற்றம் என்று ஒரு மாசத்தில் சித்தி ஜன்னலைச் சாத்திவிட்டார்கள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஒரு எக்ஸாஸ்ட் பேன் போட்டுருங்க சித்தி". இந்த லட்சணத்தில் நான் இன்ஜினியர்.

தங்கச்சிக்கு இருமல் வந்தது 2017ல். முதலில் சளி என்றார்கள். அப்புறம் டிபி. ஆறு மாச மாத்திரை. கல்லூரியில் ஒரு வருஷம் போச்சு. இப்போது நன்றாக இருக்கிறாள், கல்யாணம் ஆகி ஒரு பையன்.

2018ல் ஒரு ஆய்வு வெளியானது. டாக்டர்ஸ் ஃபார் யூ என்ற மருத்துவர் அமைப்பும் ஐ.ஐ.டி. பம்பாயும் சேர்ந்து செய்தது. மான்கூர்ட், கோவண்டிப் பக்கம் லல்லுபாய் காம்பவுண்ட், நட்வர் பாரேக் காம்பவுண்ட், பி.எம்.ஜி.பி. காலனி என்ற மூன்று இடங்களில் வீடு வீடாகப் போய் டிபியையும், கூடவே வெளிச்சம், காற்றோட்டத்தையும் பார்த்தார்கள் (சித்தப்பா வீடு இந்த மூன்றிலும் இல்லை, ஆனால் அச்சு ஒன்றுதான்). நெருக்கிக் கட்டிய முதல் ரெண்டு இடங்களில் டிபி அதிகம். கட்டிடங்களுக்கு நடுவே நல்ல இடைவெளி விட்டுக் கட்டிய பழைய பி.எம்.ஜி.பி. காலனியில் அது மிகவும் குறைவு. வெளிச்சம் எட்டாத கீழ் மாடிகளில் நிலைமை மோசம். டிபி கிருமி காற்றில் மிதப்பது. அறையின் காற்று மாறிக்கொண்டே இருந்தால் கிருமி நீர்த்துப்போகும், வெயில் பட்டால் சாகும். பூட்டிய அறையில் ரெண்டும் நடக்காது. பிளேக் விஷயத்தில் 1897ல் தப்பாகப் போன சிந்தனை, டிபி விஷயத்தில் நூற்றுக்கு நூறு சரி.

அந்த ஆய்வை எனக்கு அனுப்பியவள் தங்கச்சிதான், போன வருஷம். ஆறேழு வருஷம் கழித்து எங்கேயோ படித்திருக்கிறாள். கூட ஒரே ஒரு வரி: "அண்ணே, இது உங்க சப்ஜெக்ட் தானே?"

என் சப்ஜெக்ட். ஆமாம். இதே வருஷங்களில் என் சப்ஜெக்டில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று சொல்கிறேன்.

1973ல் எண்ணெய் விலை ஏறியதும் அமெரிக்காவுக்கு முழிப்பு வந்தது. கலிபோர்னியாவில் 1974ல் ஒரு எரிசக்தி ஆணையம் அமைக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டவர் ரொனால்ட் ரீகன் (அப்போது கவர்னர்). 1978ல் அந்த மாநிலம் கட்டிடங்களுக்கு எரிசக்தி விதிகளைக் கொண்டுவந்தது. மற்ற மாநிலங்களும் ஒவ்வொன்றாகத் தொடர்ந்தன. சுவர் வழியாக இவ்வளவு வெப்பம்தான், கண்ணாடி வழியாக இவ்வளவுதான், ஏ.சி. இந்தத் திறனுக்குக் குறையக்கூடாது. நம்மூரில் 2001ல் எரிசக்திச் சேமிப்புச் சட்டம் வந்தது. அதன் கீழ் 2007 மே மாதம் எரிசக்திச் சேமிப்புக் கட்டிட விதித்தொகுப்பு, அதாவது ஈ.சி.பி.சி. இதற்கு அமெரிக்க உதவியும், அமெரிக்க ஏ.சி. பொறியாளர் சங்கத்தின் தரநிலையும் துணை. வணிகக் கட்டிடங்களுக்கு மட்டும். அதுவும் மத்திய அரசு எழுதும், மாநிலங்கள் தத்தம் தட்பவெப்பத்துக்கு ஏற்ப மாற்றி அறிவிக்கவேண்டும். அறிவிக்கும்வரை அது விருப்பப்பட்டால் பின்பற்றும் சமாசாரம். ராஜஸ்தானும் ஒடிசாவும் 2011ல் அறிவித்தன, ஆந்திரா 2014ல்.

எங்கள் ஆபீசுக்கு ஈ.சி.பி.சி. வந்தபோது ஏக உற்சாகம். சாப்ட்வேரில் கட்டிடத்தை வரைந்து 8760 மணி நேரத்துக்கும் வெப்பக் கணக்கு ஓட்டினோம். பாந்த்ரா-குர்லா காம்ப்ளெக்ஸில் முழுக்கக் கண்ணாடி போர்த்திய ஒரு ஆபீஸ் கட்டிடத்துக்கு நான் வேலை பார்த்தேன். ரெட்டைக் கண்ணாடி, நல்ல சில்லர், எல்.இ.டி. விளக்கு. விதி பாஸ். அந்தப் பத்தாம் மாடியில் நின்று சைட் பார்க்கும்போது மித்தி ஆற்றுக்கு இந்தப் பக்கம் தெரிந்தது தாராவியின் கூரைகள். சிமென்ட் ஷீட், தகரம், நீல பிளாஸ்டிக். பெரியப்பா வீட்டுக் கூரை எது என்று தேடினேன், கண்டுபிடிக்க முடியவில்லை.

வீடுகளுக்கான விதி வர 2018 டிசம்பர் ஆனது. பெயர் ஈகோ நிவாஸ் சம்ஹிதா (பெயர் வைப்பதில் நம்மவர்களை அடிச்சுக்க ஆளில்லை). 500 சதுர மீட்டருக்குக் குறையாத மனையில் கட்டும் குடியிருப்புகளுக்கு. இதில் சொல்லப்படுபவை நிஜமாகவே நல்ல விஷயங்கள். கூரை வழியாக வெப்பம் கடக்கும் அளவு சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு 1.2 வாட்டைத் தாண்டக்கூடாது. வெறும் கான்கிரீட் தளம் இதில் பெயில், மேலே ஏதாவது காப்புப் பொருள் போட்டே ஆகவேண்டும். சுவரும் ஜன்னலும் சேர்ந்து உள்ளே விடும் வெப்பம் சராசரியாகச் சதுர மீட்டருக்கு 15 வாட்டுக்குள் இருக்கவேண்டும். ஒன்பது அங்குலச் செங்கல் சுவரில் டிகிரிக்குச் சுமார் 2 வாட் கடக்கும், ஏ.ஏ.சி. பிளாக்கில் ஒரு வாட்டுக்கும் குறைவு. இப்போது மும்பையில் வேகமாகக் கட்டுவதற்காக அலுமினியப் பலகை அடைத்து மொத்தச் சுவரையும் கான்கிரீட்டாகவே வார்க்கிறார்களே, அதில் மூன்றரைக்கு மேல். மாலையில் அந்தச் சுவரைத் தொட்டுப் பாருங்கள், தோசைக்கல் மாதிரி இருக்கும்.

இன்னொன்று. மும்பை, சென்னை மாதிரிப் புழுக்கமான ஊர்களில், திறக்கக்கூடிய ஜன்னல் பரப்பு வீட்டுத் தரைப் பரப்பில் 16.66 சதவீதம் இருக்கவேண்டும் என்கிறது. அதாவது ஆறில் ஒன்று. இது புதுசா? இல்லை. தேசியக் கட்டிட விதித்தொகுப்பு ஈரமும் வெப்பமும் உள்ள இடங்களுக்கு ஏற்கனவே சொல்லிவந்த அதே ஆறிலொன்று. ஆனால் இந்தத் தடவை கெட்டிக்காரத்தனமாக ஒன்று சேர்த்தார்கள். ரெண்டு கதவு ஸ்லைடிங் ஜன்னல் என்றால் பாதியைத்தான் கணக்கில் எடுக்கவேண்டும், ஏனென்றால் பாதிதானே திறக்கும்! வெளிப்பக்கம் திறக்கும் பழைய மாட்டுங்கா ஜன்னலுக்குத் தொண்ணூறு சதவீதம்.

சித்தப்பாவின் 225 சதுர அடிக்கு இந்த விதிப்படி முப்பத்தேழரை சதுர அடி ஜன்னல் திறந்திருக்கவேண்டும். ஆறடிக்கு ஆறடி. அவர்கள் வீட்டில் இருப்பது அதில் பாதிகூட வராது.

ஆனால் எனக்கு உறுத்துவது அது இல்லை. இந்தப் புது விதி ஜன்னலை அளக்கிறது, கண்ணாடியை அளக்கிறது, சுவரின் கனத்தை அளக்கிறது. ஜன்னலுக்கு எதிரே என்ன இருக்கிறது என்பதை அளப்பதில்லை. மூன்று மீட்டர் சந்தைப் பார்த்து ஆறடி ஜன்னல் வைத்து, நல்ல பிளாக்கில் சுவர் கட்டி, கூரைக்குக் காப்புப் போட்டால் என் சாப்ட்வேர் பச்சை விளக்குக் காட்டும். மின்சாரம் மிச்சம் என்று சொல்லும். உள்ளே இருப்பவர்கள் நாற்றம் தாங்காமல் ஜன்னலைச் சாத்துவார்கள் என்பது அதற்குத் தெரியாது. ஜன்னலுக்கு எதிரே வானம் வேண்டும் என்று 1912ல் ஒருவர் மேடை போட்டுச் சொன்னதை, நூறு வருஷம் கழித்து நாங்கள் எல்லாரும் சேர்ந்து தொலைத்துவிட்டோம். இடைவெளி என்பது டவுன் பிளானிங் சமாசாரம், எரிசக்தி என்பது வேறு டிபார்ட்மெண்ட் என்று பைல் பிரிந்துவிட்டது. நுரையீரலுக்கு டிபார்ட்மெண்ட் தெரியுமா?

ஜன்னலைத் திறந்தால் வருவது நல்ல காற்றாக இருக்கவேண்டும் என்பது இன்னொரு வம்பு. நான் இப்போது செம்பூர்வாசி. மாட்டுங்காவில் இடம் போதாமல் நம்மவர்கள் அடுத்து வந்து நிரம்பிய ஊர். சங்கீத சபா, முருகன் கோயில், எல்லாம் உண்டு. 1950களில் பக்கத்து டிராம்பேயில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளும் டாடாவின் அனல் மின் நிலையமும் வந்தன, அப்புறம் உரத் தொழிற்சாலை. செம்பூரை 'கேஸ் சேம்பர்' என்று கிண்டல் செய்வது இங்கே பழைய ஜோக். அந்த ஆலைகளை ஒட்டிய மாஹுலில் குடியமர்த்தப்பட்டவர்கள் மூச்சுவிட முடியவில்லை என்று கோர்ட்டுக்குப் போனார்கள். அவர்களைக் கட்டாயப்படுத்தி அங்கே வைக்க முடியாது, மாற்று வீடோ மாசம் 15,000 ரூபாய் வாடகையோ கொடுங்கள் என்று 2019ல் மும்பை உயர் நீதிமன்றம் சொன்னது. ஜன்னல் எதற்கு நேரே இருக்கிறது என்பதை ஒரு கோர்ட்டாவது பார்த்ததே.

2022 டிசம்பரில் எரிசக்திச் சட்டம் திருத்தப்பட்டு, குறிப்பிட்ட மின்சுமைக்கு மேற்பட்ட பெரிய குடியிருப்புக் கட்டிடங்களையும் மத்திய விதித்தொகுப்பின் கீழ் கொண்டுவர வழி பிறந்தது. அதே வருஷம் மார்ச்சில் மும்பை மாநகராட்சியின் பருவநிலைச் செயல்திட்டம் வந்தது. நகரத்தின் பசுமைக்குடில் வாயுவில் 72 சதவீதம் மின்சாரம், சமையல் எரிவாயு மாதிரி கட்டிடங்களும் ஆலைகளும் எரிப்பதிலிருந்து வருகிறதாம். அதே வருஷம் நவம்பரில்தான் தாராவி மறுசீரமைப்பு டெண்டரை அதானி குழுமம் எடுத்தது. தகுதியுள்ளவர்களுக்கு 350 சதுர அடி. தகுதி என்பது 2000 ஜனவரி 1க்கு முன்னால் தரைத்தளத்தில் இருந்தீர்களா என்பதைப் பொறுத்தது. மாடியில் இருப்பவர்களுக்கும் பிறகு வந்தவர்களுக்கும் தாராவிக்கு வெளியே. 2024ல் சர்வே ஆரம்பித்தார்கள்.

பெரியப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். பெரியம்மாவும் பெரிய அண்ணன் குடும்பமும் அதே வீட்டில்தான். சர்வேக்காரர்கள் வந்து கதவில் நம்பர் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். போன ஞாயிற்றுக்கிழமை போயிருந்தேன். அண்ணன் ஒரு பைல் நிறைய ரேஷன் கார்டு, கரண்ட் பில், ஓட்டர் லிஸ்ட் ஜெராக்ஸ் எல்லாம் அடுக்கி வைத்திருந்தான். கீழ்த்தளத்துக்கு ஆதாரம் சரியாக இருக்கிறது, கிடைத்துவிடும் என்கிறான். நான் படுத்திருந்த மாடி கணக்கில் வராது.

நான் 350ஐ ஆறால் வகுத்து, ஐம்பத்தெட்டு சதுர அடி ஜன்னல் கேளுங்கள், ஸ்லைடிங் போட்டால் பாதிதான் கணக்கு, எதிர்க் கட்டிடம் எத்தனை மாடி, நடுவில் எத்தனை மீட்டர் என்று கூட்டத்தில் எழுந்து கேளுங்கள் என்று அண்ணனிடம் விளக்கிக்கொண்டிருந்தேன். ஒரு பழைய காலண்டரின் பின்பக்கத்தில் ரெண்டு கட்டிடம் வரைந்து, சாய்வுக் கோடு போட்டு, அறுபத்து மூன்றரை என்று எழுதிக் கொடுத்தேன். பெரியம்மா வெத்தலை இடித்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார்கள். எழுபத்தெட்டு வயசு. காது நன்றாகக் கேட்கிறது.

"ஏலே, அந்தக் கோடெல்லாம் இருக்கட்டும். உங்க சித்தி வீட்டு மாதிரி பகல்ல லைட்டு போடணுமா, வேண்டாமா? அதைக் கேட்டு எழுதி வாங்கச் சொல்லு அவனை".

அண்ணன் அந்தக் காலண்டர் தாளை மடித்து, ஓட்டர் லிஸ்ட் ஜெராக்ஸுக்குப் பின்னால் பைலில் வைத்துக்கொண்டான்.